கால் படாத இடம்

நீர்த்தேக்கத்தின் மேலைக் கரையில், புளிய மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில், மெய்யம்மையின் தவச்சாலை இருந்தது. ஐயம் கேட்டு வருவோர்க்கு அவர் பெரும்பாலும் விடை சொல்வதில்லை, வேலை சொல்வார்.

அவருடைய மாணாக்கர்களுள் வயதில் மூத்தவர் சிவக்கொழுந்து. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியரைவிட இருபது வயது பெரியவர். அவர் ஆசிரியரை ‘அம்மா’ என்பார். ஆசிரியர் அவரை ‘ஐயா’ என்பார். அதனால் இருவருக்கும் எந்த இடர்ப்பாடும் நேர்ந்ததில்லை.

சிவக்கொழுந்து தவச்சாலையில் சேர்ந்த நாளில், உள்ளங்கை அகலமுள்ள ஒரு செப்புத் தகட்டில் ஐந்தெழுத்தைத் தம் கையாலேயே பொறித்து மெய்யம்மை அவருக்குக் கொடுத்திருந்தார். சிவக்கொழுந்து அதைப் பட்டுத் துணியில் சுற்றி நெஞ்சருகே வைத்திருப்பார். குளிக்கும்போது மட்டுமே எடுத்து வைப்பார். அப்போதும் பார்வை அதன் மேலேயே இருக்கும்.

ஒரு நாள் காலையில் அவர் கேட்டார்.

“அம்மா, ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கத் தக்கவற்றுள் உயர்ந்தது எது?”

மெய்யம்மை கரையைச் சுட்டிக் காட்டினார். அங்கே வேலிக்காத்தான் புதரின் நடுவே பழைய அலுமினியப் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் நிழலில் ஓர் ஆடு படுத்திருந்தது.

“அது மாராயியின் படகு. அதை மிதக்கச் செய்யுங்கள்.”

“நான் சுத்தியலைத் தொட்டதே இல்லை, அம்மா.”

“சுத்தியலும் உங்களைத் தொட்டதில்லை. இருவரும் புதியவர்களாகவே தொடங்குங்கள்.”

மாராயியின் கணவன் அந்தப் படகில் மீன் பிடித்து வந்தவன். அணைக்கட்டு அலுவலகத்தார் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்திருந்தான். காய்ச்சல் கண்டு அவன் இறந்த பிறகு படகு கரையேறியது. மாராயி பிறர் வலைகளைச் செப்பனிட்டுக் காலம் தள்ளினாள். சொந்தப் படகோ பரிசலோ இல்லாதவர்க்கு மீனவர் சங்கத்தில் மீன்பிடி முறை கிடையாது. சங்கத் தலைவர் அவளுடைய முறையை ஆடி வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அதற்குள் படகு மிதந்தால் அவளுக்கு வலை. இல்லையேல் அண்ணனோடு செங்கல் சூளை.

சிவக்கொழுந்து ஆட்டை எழுப்பினார். புதரை வெட்டினார். படகின் மேல் அப்பியிருந்த பாசியையும் குளவிக் கூடுகளையும் சுரண்டினார். அந்த நீர்த்தேக்கத்தில் மற்றவர்கள் எல்லாரும் பரிசல்காரர்கள். அவர்களுக்கு இந்தப் படகு என்றைக்கும் ஒரு வேடிக்கை.

“என்னங்க சாமி, குண்டானை விளக்கியாச்சா? உலை எப்ப வைக்கிறீங்க?” என்று ஒருவன் பரிசலில் இருந்தபடியே கேட்டான்.

“வச்சா உனக்குச் சோறு கிடையாது, போ” என்றாள் மாராயி.

படகு எங்கெங்கே ஒழுகும் என்பது சிவக்கொழுந்துக்குத் தெரியவில்லை. கவிழ்ந்த படகின் அடியில் படுத்து, வெயில் தெரியும் துளைகளைத் தேடினார். மூன்றோ நான்கோ கிடைத்தன. அவற்றை அடைத்து நீரில் தள்ளியதும் படகு பொழுது சாய்வதற்குள் அமிழ்ந்தது. ஆசிரியரிடம் சென்று நின்றார்.

படகை நிமிர்த்திக் கற்களின் மேல் தூக்கி வைத்து, உள்ளே நீரை ஊற்றும்படி மெய்யம்மை கூறினார்.

“நீர் உள்ளே வரக் கூடாது என்றல்லவா அம்மா இவ்வளவு பாடும்?”

“ஊற்றுங்கள்.”

குடம் குடமாக ஊற்றினார். பிறகு அடியில் நுழைந்து பார்த்தார். வெயிலுக்குத் தெரியாத இடங்களில் எல்லாம் நீர் முத்து முத்தாக அரும்பி நின்றது. தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளில் தளர்ந்துபோன ஒவ்வொன்றும் தன்னைத் தானே காட்டிக் கொடுத்தது. நீதிமன்றத்தில் பிழை திருத்திய அதே சிவப்புப் பென்சிலால் அவர் அவற்றைச் சுற்றி வட்டமிட்டார்.

“படகு அழுவுதுங்க சாமி” என்றாள் குனிந்து பார்த்த மாராயி.

ஆணிகளை இறுக்குவதற்கு இருவர் வேண்டியிருந்தது. அவள் உள்ளே இருந்து இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்தாள்; அவர் வெளியே இருந்து அடித்தார். தொடக்கத்தில் ஆணியைவிட அவருடைய கட்டை விரலே மிகுதியாக அடி வாங்கியது. போகப் போகச் சுத்தியல் அவருக்குப் பழகியது. அவரும் சுத்தியலுக்குப் பழகினார்.

வேலை முடியும் தறுவாயில் மாராயி ஒன்று கேட்டாள். துடுப்பு வலிப்பவர் உட்காரும் குறுக்குப் பலகைக்கு எதிரே, காலை ஊன்றி உதைத்துக்கொள்வதற்கு ஒரு கட்டை இருந்தது. அவள் உட்கார்ந்தால் அந்த உதைகட்டைக்கு அவள் கால் எட்டாது.

“கொஞ்சம் இங்கிட்டு நகத்தி வச்சீங்கன்னா போதுங்க சாமி. காலை ஊணாம இழுத்தா துடுப்பு பேசாதுங்க.”

சிவக்கொழுந்து உதைகட்டையைப் பார்த்தார். அதை நகர்த்தினால் பழைய ஆணித் துளைகள் வெளியே தெரியும். பழைய வடிவம் ஒரு மயிரிழையும் மாறாமல் மீட்க வேண்டும் என்பது அவருடைய உறுதி.

“வைத்தவர் ஒரு கணக்கோடுதானே வைத்திருப்பார்?”

“வச்சது எம் புருசனுங்க. அவரு ஆறடி.”

அப்படியானால் அது அவருடைய நினைவாகவே இருக்கட்டும் என்று சிவக்கொழுந்து கனிவோடு கூறினார். மாராயி மறுபடி இரும்புக் கட்டியைக் கையில் எடுத்தாள்.

வெள்ளோட்டத்துக்கு முந்தைய நாள் முழுவதும் அவர் ஆசிரியரிடம் தாம் கேட்ட கேள்வியையே எண்ணிக்கொண்டிருந்தார். மாலையில் விடை கிடைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. நெஞ்சருகே இருந்த செப்புத் தகட்டை எடுத்தார். பட்டுத் துணியை நீக்கினார். குறுக்குப் பலகைக்கு நேர் முன்னால், தரைப் பலகைக்குக் கீழே, இரண்டு விலாச் சட்டங்களுக்கு நடுவே, படகின் அடித்தகட்டின் மேல் அது அசையாதபடி செருகினார். பலகையை மூடி, அந்த இடத்துக்குக் குங்குமம் இட்டார்.

“இதைவிட உயர்ந்தது என்னிடம் எதுவும் இல்லை, மாராயி. இது உன்னைக் காக்கும். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். இந்த இடத்தில் கால் படலாகாது.”

அவள் குனிந்து அந்த இடத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

படகு மிதந்தது. பரிசல்காரர்களே கரையில் நின்று பார்த்தார்கள். ஆடியில் அணை நிறைந்தது. மாராயி நாள்தோறும் போனாள். கெண்டையும் கெளுத்தியுமாகக் கொண்டு வந்தாள். சில்லறை மீனைப் படகிலேயே கழுவி உப்பிட்டாள். அவள் இரு கால்களையும் ஒரு பக்கமாக மடக்கி வைத்துக்கொண்டு துடுப்பு வலிப்பது கரையில் இருந்து தெரியும். சிவக்கொழுந்து அதைக் காணும்போதெல்லாம் உள்ளம் நிறைந்தார். ஒரு முறை அவள், எதிர்க்காற்றில் திரும்பி வருவது கடினமாக இருக்கிறது என்றும் கட்டையை இந்தப் பக்கம் வைத்தால் நல்லது என்றும் மெல்லச் சொன்னாள். அந்தப் பக்கம் தகடு இருக்கிறது என்று அவர் நினைவூட்டினார்.

பங்குனியில், நடு நீரில், படகுக்குள் நீர் ஏறியது.

மாராயி வலையை விட்டுவிட்டாள். ஒரு கையால் இறைத்தாள். ஒரு கையால் வலித்தாள். பரிசல்காரர் இருவர் கயிறு வீசிப் படகை இழுத்து வந்தார்கள். குண்டான் என்று கேலி பேசியவனும் அவர்களில் ஒருவன். அன்று அவன் கேலி பேசவில்லை.

மறுநாள் சங்கத் தலைவர் வந்தார். வரும் மாதம் மீன்பிடிக்கு ஓய்வுக் காலம் என்றும், மறுபடி வலை இறங்கும் நாளில் ஒழுகாத படகு இருந்தால் மட்டுமே மாராயியின் முறை நிற்கும் என்றும், சாவுக்குத் தாம் பொறுப்பேற்க முடியாது என்றும் கூறிச் சென்றார். சூளையில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவளுடைய அண்ணனும் சொல்லி அனுப்பியிருந்தான்.

சிவக்கொழுந்து படகைக் கற்களின் மேல் ஏற்றினார். உள்ளே நீர் ஊற்றினார். அடியில் நுழைந்தார். அவர் இறுக்கிய ஆணிகளில் ஒன்றுகூட ஒழுகவில்லை. நீர் ஒரே இடத்தில் இருந்து ஒழுகியது. அதுவும் சொட்டாக இல்லை, நூலாக.

மேலே ஏறித் தரைப் பலகையைப் பெயர்த்தார். குங்குமம் இட்ட பலகை அது.

தகடு இருந்தது. அதைத் தூக்கியபோது, அதன் கீழே அலுமினியம் வெண்பொடியாக உதிர்ந்தது. அவருடைய சுண்டு விரல் படகைத் தாண்டி வெளியே போயிற்று.

அவர் தகட்டைக் கழுவினார், துடைத்தார், வெயிலில் பார்த்தார். பிறகு விரைந்து நடந்தார்.

“அம்மா, இந்த அற்புதத்தைப் பாருங்கள். சுற்றிலும் படகு அரித்துப் போய்விட்டது. தகட்டில் ஓர் எழுத்தும் குறையவில்லை. நீரும் உப்பும் இதை மட்டும் தீண்டவில்லை.”

மெய்யம்மை தகட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“குடிநீர்ச் செம்பை எடுத்து வாருங்கள், ஐயா. தட்டோடு.”

தவச்சாலையின் வாயிலில், வருவோர் பருகுவதற்காக ஒரு செப்புச் செம்பு நீரோடு இருக்கும். அதன் கீழே ஓர் அலுமினியத் தட்டு. நாள்தோறும் விடியலில் செம்பை நிரப்புவது சிவக்கொழுந்தின் பணி. அவர் இரண்டையும் கொண்டு வந்தார்.

மெய்யம்மை செம்பை எடுத்து ஓரமாக வைத்தார். ஈரம் சொட்டிய தட்டைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தார்.

செம்பின் அடி அளவுக்கு ஒரு வட்டம். வட்டம் முழுவதும் வெண்பொடி. பொடியினூடே ஊசி ஊசியாக வெளிச்சம்.

சிவக்கொழுந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு தம் கையில் இருந்த தகட்டைப் பார்த்தார்.

“அப்படியானால் இது தப்பிக்கவில்லை.”

“இல்லை.”

“ஈரத்தில் அலுமினியத்தை இதுதான் தின்றிருக்கிறது.”

மெய்யம்மை செம்பை மறுபடியும் தட்டின் மேல் வைக்கவில்லை. அருகில் கிடந்த மரப் பலகையின் மேல் வைத்தார்.

“செம்பில் குற்றமா, அம்மா?”

“இதே செம்பு நீரைத்தான் நீங்கள் இன்று காலை பருகினீர்கள்.”

“தட்டில் குற்றமா?”

“செம்புக்கு அடியில் வைக்கும் வரை அதில் சோறு உண்டோம்.”

இருவரும் கரைக்கு இறங்கினார்கள். மாராயி படகுக்குள் குறுக்குப் பலகையில் உட்கார்ந்து, ஊற்றிய நீரில் எஞ்சியதை இறைத்துக்கொண்டிருந்தாள். எதிரே பெயர்த்த பலகை, அதனருகே துளை, துளையின் வழியே மணல் தெரிந்தது. தகடு அங்கே இல்லை. படகும் நீரில் இல்லை. ஆயினும் அவள் தன் இரு கால்களையும் ஒரு பக்கமாக மடக்கியே வைத்திருந்தாள்.

மெய்யம்மை படகின் அருகே சென்றார்.

“மாராயி, கால் மரத்துப் போகவில்லையா?”

“போகுமுங்க. கரையேறுனதும் கொஞ்ச நேரம் நிக்க முடியாது. பழகிப் போச்சுங்க.”

“எதற்கு அப்படி உட்காருகிறாய்?”

அவள் சிவக்கொழுந்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

“சாமி மிதிக்கக் கூடாதுன்னாருங்க.”

சிவக்கொழுந்தின் குரல் தாழ்ந்திருந்தது. புதிய அலுமினியத் தகடு வாங்கித் துளையை மூடிவிட முடியும் என்றும், வலை இறங்கும் நாளுக்குள் வேலை முடிந்துவிடும் என்றும் அவர் கூறினார். பிறகு தம்மை அடக்கிக்கொள்ள இயலாதவராய்க் கேட்டார்.

“என்னிடம் இருந்தவற்றுள் உயர்ந்ததைத்தானே அம்மா கொடுத்தேன்?”

“துளையை மூடிவிடுவீர்கள், ஐயா” என்றார் மெய்யம்மை. “அவள் எங்கே கால் வைப்பாள்?”

சிவக்கொழுந்து தகட்டை மணல்மேல் வைத்தார். உதைகட்டையின் ஆணிகளைத் தேடி அவர் கை படகுக்குள் நீண்டது.