வாய் எண்ணிய முள்ளம்பன்றி

செந்நாய்கள் சிறுத்தையோடு போரிட்டு ஆலங்காட்டைப் பிடித்துக்கொண்டன. தோற்ற சிறுத்தை மலையேறிவிட்டது. ஓட முடியாத சிறு பிராணிகள் காட்டிலேயே மாட்டிக்கொண்டன.

செந்நாய்கள் இரண்டு கட்டளைகள் போட்டன. யாரும் ஓடையைத் தாண்டக் கூடாது. குட்டிகள் வளையைவிட்டு வெளியே வரக் கூடாது. குட்டி உள்ளே இருந்தால் தாய் எங்கே ஓடும்?

கிழங்கெல்லாம் ஓடைக்கு அப்பால்தான் விளைந்தது. பதினோரு நாளில் காட்டுக்குள் பசி வந்துவிட்டது.

அங்கே ஒரு முள்ளம்பன்றி இருந்தது. வறண்டுகிடந்த ஓடைக்கு அடியில் அது சுரங்கம் தோண்டியது. செந்நாய்களுக்குத் தெரியாமல் தினமும் நாற்பது கிழங்குகள் கொண்டுவந்தது. பிராணிகள் ஒவ்வொன்றாக வரும். அது வாய்க்கு ஒரு கிழங்கு கொடுக்கும். தனக்கும் ஒன்றுதான் எடுத்துக்கொள்ளும்.

ஒருநாள் பெருச்சாளி வந்தது. "வீட்டில் ஒன்பது பிள்ளைகள், அண்ணே!" என்று அழுது, பத்துக் கிழங்குகள் வாங்கிப் போனது. பிறகுதான் தெரிந்தது, அதற்குப் பிள்ளையே கிடையாது! அன்று ஒன்பது பிராணிகள் வெறும் வயிற்றோடு திரும்பின.

முள்ளம்பன்றிக்கு மனம் கசந்துவிட்டது. "இனிமேல் என் கண்ணால் பார்த்த வாய்க்குத்தான் கிழங்கு!" என்றது.

மறுநாள் முயல் வந்தது. அப்போது காட்டில் குட்டிகள் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

"நானும் நாலு குட்டிகளும், அண்ணே. ஐந்து கொடுங்கள்."

"குட்டிகள் எங்கே?"

"வளையில். வெளியே கூட்டிவந்தால் செந்நாய் விடுமா?"

"நான் பார்ப்பது ஒரு வாய்தான், தங்கச்சி. பெருச்சாளியும் இப்படித்தான் அழுதது."

மேலே கிளையிலிருந்து அணில் கத்தியது. "பெருச்சாளி தின்றதற்கு முயலா ஏப்பம் விடும்? அதன் மடியைப் பாருங்கள், அண்ணே! பால் வற்றிக் கிடக்கிறது!"

"நீ பேசாமல் இரு! எல்லோருக்கும் ஒரே முறைதான்." முள்ளம்பன்றி முயலிடம் திரும்பியது. "உச்சிவெயிலில் செந்நாய்கள் தூங்கும். நாளை அப்போது கூட்டிவா. எண்ணி ஐந்து தருகிறேன்."

முயல் ஒரு கிழங்கோடு போனது. அதை நாலு குட்டிகளும் கடித்துத் தின்றன. தாய் தின்னவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் முயல் குட்டிகளோடு வந்தது. முள்ளம்பன்றி வழக்கம்போல எண்ணியது.

"ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. உன்னையும் சேர்த்து நாலு வாய்தான். ஐந்து என்றாயே?"

"புறப்படும்போது ஐந்துதான், அண்ணே" என்றது முயல். "புளியமரத்தடியில் ஒரு செந்நாய் தூங்காமல் இருந்தது."

முள்ளம்பன்றி எண்ணுவதை விட்டது. இருந்த கிழங்குகளை எல்லாம் முயலின் முன்னே தள்ளியது.

"எல்லாம் எடுத்துக்கொள், தங்கச்சி! எல்லாம் உனக்குத்தான்!"

"நாலு போதும். நீங்கள்தானே எண்ணினீர்கள்?"

முயல் நாலை மட்டும் எடுத்துக்கொண்டது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு குட்டிகளுக்குக் காவலாகக் கூடவே நடந்தது. இந்தமுறை எந்தச் செந்நாயும் கிட்டே வரவில்லை. போகும்போது அது தன் அடிகளை எண்ணியது. முயலின் வளை வரை இருநூற்றுப் பன்னிரண்டு அடிகள்தான்.

"இவ்வளவு பக்கத்திலா இருந்தது!" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதது.

அன்றுமுதல் முள்ளம்பன்றியே ஒவ்வொரு வளைக்கும் கிழங்கு சுமந்து போனது. செந்நாய்கள் காட்டைவிட்டுப் போகும்வரை யாரும் பசியால் சாகவில்லை. ஆனால் முயலின் வளைக்கு மட்டும் அது ஐந்துக்குப் பதில் நாலு கிழங்குகளே கொண்டுபோக வேண்டியிருந்தது.

கொடுப்பவருக்குச் சந்தேகம் வந்தால் அவர்தான் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். பசித்தவரை நடக்கவைக்கக் கூடாது.