கேபிளா, போன் லைனா?

குருவிடம் சீடர்கள் பிறவியைப் பற்றியும் மோட்சத்தைப் பற்றியும் கேட்பார்கள் என்று ஏடுகளில் இருக்கிறது. தெய்வநாயகம் கேட்டது இன்டர்நெட்டைப் பற்றி.

குருவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடருக்கு அறுபத்து நான்கு. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து நிமிடம் தாமதமாக வந்த டிரைவரை அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டுவார் என்று பெயர் வாங்கியவர். அவர் கை கட்டி நிற்கிற ஒரே இடம் செங்கல் சூளைக்கு அப்பாலிருக்கும் இந்த ஓட்டு வீடுதான்.

குரு தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மஸ்கட்ல மகளுக்குக் குழந்தை பொறந்திருக்கு சாமி. வீடியோவுல காட்டணுமாம். எங்க தெருவுல மொபைல் சிக்னல் நிக்காது. வீட்டுக்கு நெட் போட்டே ஆகணும். கேபிளா, போன் லைனா? அதுதான் குழப்பம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

தெய்வநாயகம் மூன்று வாரமாக விசாரித்து வைத்திருந்தார். மளமளவென்று சொன்னார்.

"கேபிள் நல்ல வேகம். ஆனா தெருவுக்கே பொது. சாயங்காலம் எல்லாரும் உக்காந்தா இழுக்கும். போன் லைன் நமக்கு மட்டும்தான். ஆனா எக்ஸ்சேஞ்ச் தூரம். வர்றதுக்குள்ள சோர்ந்துபோயிரும்."

"வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

"பூங்கோதைக்கு போன் லைன்தான் சாமி. கேபிள் வந்தா போன் எதுக்குன்னேன். திருப்பிக் குடுத்துரலாம்னேன். ரெண்டு நாளா சோறு திங்கல அவ."

"ஏன்?"

"அழகு கூப்பிடுவானாம். அவனுக்குத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதானாம்."

அழகு அவர்களுடைய மகன். பதினோரு வருடத்துக்கு முன்னால், இனி இந்த வாசல் மிதிக்காதே என்று அப்பா சொன்ன அன்றைக்கே போனவன். அன்றிலிருந்து பூங்கோதை போன் இருக்கும் அறையிலேயேதான் படுக்கிறாள். மகள் பிரசவத்துக்குக்கூட மஸ்கட் போகவில்லை. நான் போன நேரத்தில் மணி அடித்தால் யார் எடுப்பது என்று கேட்டாள்.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"கேபிள்தான் சாமி."

"ஏன்?"

"வேகம்..."

சொல்லிவிட்டுச் சட்டியில் கிடந்த காயைப் பார்த்தார்.

குரு ஒரு காயை முறித்துச் சட்டியில் போட்டார்.

"போன வாரம் உங்க வீட்டம்மா இங்க வந்தாங்க. ஆவணியில நீங்களும் நானும் காசிக்குப் போனோமாம். அங்க சாமியாருங்க கூட்டத்துல அழகு மாதிரி யாராவது கண்ணுல பட்டாங்களான்னு கேட்டாங்க."

தெய்வநாயகம் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"நான் காசிக்குப் போனதே இல்லய்யா," என்றார் குரு.

"அவகிட்ட நீங்க என்ன சொன்னீங்க சாமி?"

"இல்லம்மா, படலன்னேன். அது பொய்யில்ல. ஆனா உங்க பொய்யில எனக்கும் ஒரு பங்கு விழுந்துருச்சு. எங்க போயிருந்தீங்க?"

தெய்வநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு மாதமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது.

"நாக்பூர். அவன் பையில எழுதி வச்சிருந்த டிப்போ விலாசத்துக்கு போலீஸ் கடுதாசி வந்துச்சு. நான் போறதுக்குள்ள எரிச்சு முடிச்சிட்டாங்க. போட்டோ காட்டினாங்க. தாடியெல்லாம் வச்சிருந்தான். அவன்தான் சாமி. என் பிள்ளைதான்."

அவர் அழுது முடிக்கும்வரை குரு நார் எடுத்துக்கொண்டே இருந்தார்.

"போன் போயிட்டா அவளும் கொஞ்சம் கொஞ்சமா மறந்துருவான்னு நெனச்சேன். என் வாயால சொல்ல வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன்."

"வீட்டு நம்பர் என்ன?"

குரு கேட்டால் சொல்கிற பழக்கத்தில் தெய்வநாயகம் சொல்லிவிட்டார். கடைசி எண் வாயைவிட்டுப் போன பிறகுதான் புரிந்தது. அதற்குள் குரு தன் மொபைலில் அழுத்தி அவர் காதில் வைத்துவிட்டார்.

ஒரே மணி. எடுத்துவிட்டாள்.

"அலோ?"

தெய்வநாயகம் குருவைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினார். யார் கூப்பிடுகிறார்கள் என்று அந்தப் பழைய போனில் தெரியாது.

"அலோ... அழகு? அழகுதானேடா?"

அவர் மொபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பேசுடா. அப்பா வீட்ல இல்ல, பயப்படாத. அவரு இப்ப முன்ன மாதிரி இல்லடா. யாரையும் திட்டுறதில்ல. மாறிட்டாருடா."

தெய்வநாயகம் மொபைலை உள்ளங்கையால் பொத்தினார்.

"வச்சிருங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வைக்கலாம். வச்சா, இன்னிக்கு மகன் கூப்பிட்டான்னு அவங்க சாகிறவரைக்கும் நம்புவாங்க. அதுக்கப்புறம் அந்தப் போனை நீங்க தொடக்கூட முடியாது."

தெய்வநாயகம் கையை எடுத்தார். பூங்கோதை இன்னும் வைக்கவில்லை. அழகு, அழகு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அவள் மூச்சு வாங்குவது அறை முழுக்கக் கேட்டது.

"ஒண்ணும் கேக்கல சாமி," என்றார் தெய்வநாயகம். "லைன் சரியில்ல."

குரு அடுத்த காயை எடுத்தார்.

"இங்க உக்காந்திருக்கற எனக்கே கேக்குதேய்யா."