நோகாத காலில் பூசிய தைலம்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு காட்டில், குழந்தைகளே, ஓட்டப் பந்தயம் என்றால் எல்லா விலங்குகளுக்கும் உயிர். ஓடுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. ஓடுவது என்னவோ மான் ஒன்றுதான்.

ஆண்டுக்கொரு முறை இக்கரை மானும் அக்கரை மானும் போட்டி போடும். எந்தக் கரை மான் வெல்கிறதோ, கோடையில் அந்தக் கரைக்கே மடுவில் முதல் தண்ணீர். தோற்ற கரைக்குக் கலங்கிய மிச்சம்.

ஓடினால் கால் பிசகத்தானே செய்யும்? சீன மலையிலிருந்து வந்து மூங்கில் தோப்பில் தங்கியிருந்த பாண்டாக் கரடி ஒன்று, அடிபட்ட காலுக்கு மூலிகை கட்டும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தது. கற்க வந்தவை இரண்டே விலங்குகள். ஒன்று, எதையும் எதிர்த்துக் கேட்கும் கீரி. மற்றது, எதற்கும் தலையாட்டும் நரி.

கசப்பு வேர்களை அரைத்துப் பாண்டா ஒரு கறுப்புப் பற்று செய்யும். அது சில்லென்று இருக்கும். கிட்டே போனால் நாற்றம் குடலைப் பிடுங்கும். இஞ்சியையும் பட்டையையும் அரிசிக் கள்ளில் ஊறப்போட்டு ஒரு தைலமும் செய்யும். அது சுள்ளென்று ஏறும், தோப்பே மணக்கும்.

"புதிதாக வீங்கிய கால் நெருப்பு மாதிரி. அதற்குக் குளிர்ந்த பற்றுதான் போட வேண்டும். போட்டு உட்கார வை. வீக்கம் வடிந்து, கால் விறைத்துக் கிடக்கும்போதுதான் தைலம். மாற்றிப் போட்டால் கால் போச்சு!" என்றது பாண்டா.

அதன் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மருந்தையும் மாணவர் முதலில் தன் காலில் போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் பிறர் காலைத் தொடலாம்.

நரி தன் காலில் பற்றைப் போட்டுப் பார்த்தது. "சீ! கால் மரத்துப் போகிறது," என்று வழித்து எறிந்தது. பிறகு தைலத்தைப் பூசியது. "ஆகா! இப்போதே ஆற்றைத் தாண்டிவிடுவேன் போலிருக்கிறதே!"

"உன் காலுக்கு என்ன கேடு வந்தது, ஆகா போட?" என்று கேட்டது கீரி. "நல்ல காலில் போட்டுப் பார்த்து என்ன தெரியும்?"

"வழக்கம் வழக்கம்தான். என் உடம்பே எனக்குச் சாட்சி," என்றது நரி.

பாண்டா சிரித்துவிட்டு அடுத்த வேரை அரைக்கத் தொடங்கியது. கீரிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

சில நாளில் மூங்கில் பூத்தது. பூத்த மூங்கில் பட்டுப்போகும் அல்லவா? தின்ன ஒன்றும் இல்லாமல் பாண்டா தன் மலைக்கே திரும்பிவிட்டது. காட்டின் வைத்தியம் நரிக்கும் கீரிக்கும் வந்து சேர்ந்தது.

பந்தயத்துக்கு முதல் நாள், ஓடிப் பழகிக்கொண்டிருந்த மான் பாசிப் பாறையில் வழுக்கி விழுந்தது. முன்னங்கால் சிவந்து பனங்காயாக வீங்கியது.

கீரி அரக்கப் பரக்க ஓடிவந்து பற்றைப் போட்டது. "தங்கச்சி, அசையாதே. இந்த வருஷப் பந்தயத்தை மறந்துவிடு. இப்போது உட்கார்ந்தால் அடுத்த வருஷம் ஓடலாம். இப்போது ஓடினால் எந்த வருஷமும் ஓட முடியாது."

"சரி அக்கா," என்றது மான். புலி வந்தால் கீரிக்கு வளை இருக்கிறது, குரங்குக்கு மரம் இருக்கிறது. மானுக்குக் காலைத் தவிர வேறென்ன இருக்கிறது?

அதற்குள் காட்டுத் தலைவரான யானை வந்துவிட்டது. பின்னாலேயே குரங்கும் காட்டுப்பன்றியும் பெருங்கூட்டமும் வந்தன.

"உட்காருவதா? அப்புறம் கோடையில் சேற்றை யார் குடிப்பது?" என்று பிளிறியது யானை.

நரி முன்னால் வந்து கும்பிட்டது. "ஐயா, கீரியம்மாள் பற்றுப் போட்டால் மான் படுக்கும். நான் தைலம் போட்டால் மான் எழும். எது வைத்தியம்? நீங்களே சொல்லுங்கள்!"

"எழுவதுதான்!" என்று கத்தியது குரங்கு.

"வலி தெரியாவிட்டால் காயம் ஆறிவிட்டது என்று அர்த்தமா?" என்று சீறியது கீரி. "பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?"

"நான் என் காலிலேயே பூசிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லையே!" என்றது நரி.

"உன் கால் வீங்கியிருந்ததா?"

"இல்லை."

"சுளுக்கியாவது இருந்ததா?"

"இல்லை. அதனால் என்ன?"

"அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை, மடையா!"

தான் வென்றுவிட்டதாகக் கீரி நினைத்தது. பாவம்! வாதத்தை வெல்வது வேறு, கூட்டத்தை வெல்வது வேறு.

"தலைவரை வைத்துக்கொண்டே மடையன் என்கிறதே, என்ன திமிர்!" என்றது காட்டுப்பன்றி.

அவ்வளவுதான். எல்லா விலங்குகளும் கீரியின் திமிரைப் பற்றிப் பேசத் தொடங்கின. மானின் காலைப் பற்றி ஒன்றுகூடப் பேசவில்லை.

யானை குனிந்து மானின் முதுகைத் துதிக்கையால் தடவியது. "பாப்பா, உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உன் இஷ்டம். ஆனால் கோடையில் நம் குட்டிகள் நா வறண்டு கிடந்தால், அந்தப் பாவம் யாருக்கு?"

மான் கீரியைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. கூட்டம் பெரிதாக இருந்தது.

"பூசுங்கள்," என்றது மான்.

நரி பற்றை வழித்துப் போட்டுவிட்டுத் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்தது. மறுநாள் காலையிலும் தேய்த்தது. வலி எங்கோ போய் ஒளிந்துகொண்டது. மான் எழுந்தது, ஓடியது, அக்கரை மானை முந்தியது. எல்லைக் கல்லைத் தாண்டிக் காலை ஊன்றியபோது 'மடக்' என்று ஒரு சத்தம். ஆரவாரத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கீரிக்குக் கேட்டது.

நரிக்கு மாலை விழுந்தது. பாண்டா இருந்த தோப்பும் நரிக்கே என்று அறிவித்தது யானை.

"மான் எழுந்திருக்கவில்லையே?" என்று கேட்டது ஒரு முயல்.

"என் வைத்தியத்தில் குறையில்லை. அந்தக் காலில்தான் ஏதோ குறை," என்றது நரி, மாலையைச் சரிசெய்துகொண்டே.

"நேற்று கீரி வாய் வைத்ததே, அது பலித்துவிட்டது," என்றது குரங்கு. எல்லாம் தலையாட்டின.

கோடை வந்தது. இக்கரை விலங்குகள் மடுவில் இறங்கி முதல் தண்ணீரைக் குடித்தன. மானால் சரிவில் இறங்க முடியவில்லை. கால் கோணலாகக் கூடியிருந்தது. கீரிதான் இலையைச் சுருட்டி, சிந்தியது போக மிச்சத்தைக் கொண்டுவந்து அதற்குப் புகட்டியது.

கோடையும் மழையும் கழிந்த பின் ஒருநாள் யானை மேலே ஏறி வந்தது. துதிக்கையில் ஒரு கட்டுப் பசும்புல். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வந்திருக்கிறது என்று நினைத்து, மான் சிரமப்பட்டு எழுந்து நின்றது.

"இரு, இரு," என்றது யானை. "பந்தயம் நெருங்குகிறது. உனக்கு ஒரு தங்கை உண்டாமே? நன்றாக ஓடுவாளாமே?"

கீரி கையிலிருந்த இலையைக் கீழே போட்டது. ஆனால் மான் முந்திக்கொண்டது.

"நன்றாக ஓடுவாள், ஐயா. நேற்றுதான் அக்கரைக்கு ஓடிப் போனாள்."

நீதி: கால் நோகாதவர்கள் கூடிக் காயத்துக்கு மருந்து சொன்னால், மாலை அவர்களுக்கு, ஊனம் ஓடியவளுக்கு.