ஒரே முத்திரையும் காத்தாயியின் நெல்லும்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஒரு ராஜா எண்ணெய் தேய்த்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தார். ஆனி மாதத்தின் கடைசி நாள், புதன்கிழமை. வெந்நீர் வருகிற வழியாகத் தெரியவில்லை. ஒரு நாழிகை ஆயிற்று, மூன்று நாழிகையும் ஆயிற்று. எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கி, ராஜாவின் கண் கோவைப்பழமாகிவிட்டது.

வெந்நீர் ஏன் வரவில்லை என்கிறீர்களா? அந்த நாட்டில் நெருப்புக்கு மூன்று அதிகாரிகள். விறகுக்கு ஒருவர், எண்ணெய்க்கு ஒருவர், கரிக்கு ஒருவர். முத்திரை குத்திய ஓலை இல்லாமல் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. ஓலையை மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கு விறகு அதிகாரி, "குளியலறை அடுப்பில் எரிவது கரி" என்றார். கரி அதிகாரி, "ராஜா எண்ணெய் அல்லவா தேய்த்திருக்கிறார், அது எண்ணெய்க்காரர் பாடு" என்றார். எண்ணெய் அதிகாரியோ, "தேய்ப்பதோடு என் வேலை முடிந்தது" என்று கையை விரித்துவிட்டார்.

ராஜா எண்ணெய் சொட்டச் சொட்ட எழுந்து சபைக்கே வந்துவிட்டார். "மூன்றும் இனி வேண்டாம்! நாடு முழுவதற்கும் ஒரே நெருப்பு வாரியம், ஒரே முத்திரை! பிரதானி, நீர்தான் தலைவர்!" என்று கத்தினார். பழைய மூன்று முத்திரைகளையும் அங்கேயே அம்மிக்கல்லில் வைத்து உடைக்கச் சொன்னார். பிரதானி தாண்டவராயருக்கு வாயெல்லாம் பல். அப்போது சோதிடர் மெல்லக் கனைத்தார்.

"மகாராஜா, நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் புதிய காரியம் எதுவும் தொடங்கலாகாது. வாரியத்துக்கு ஆவணியில்தான் நல்ல நாள்."

"அப்படியானால் ஆவணியில் தொடங்குங்கள்" என்று சொல்லிவிட்டு ராஜா குளிர்ந்த நீரிலேயே குளிக்கப் போனார். பழைய முத்திரை உடைந்தாயிற்று, புதியது வர ஒரு மாதம் ஆகும், இடையில் ஊர் எதை வைத்து அடுப்பு மூட்டும் என்று அத்தனை பெரிய சபையில் ஒரு மனிதருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? ராஜா உண்ணும் உணவு வேகிற அடுப்புக்கு முத்திரை வேண்டாம் என்று ஒரு சட்டம் உண்டு. சபையில் இருந்தவர்கள் எல்லோரும் அரண்மனைச் சாப்பாட்டுக்காரர்கள்.

அந்தச் சபைக்கு மாசிலாமணி என்று ஒரு விகடகவியும் உண்டு, அன்றைக்கு அவன் வரவில்லை. ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. சாப்பாடு அக்கா வீட்டில். அக்கா காத்தாயி, புருஷனை இழந்தவள், இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவள். வியாழக்கிழமை விடிந்ததும் அவன் போய்ப் பார்த்தால், அவள் முற்றத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள்.

"தம்பி, செவ்வாக்கெழம ஊறப்போட்ட நெல்லுடா. குதிர்ல இருந்த கடைசி நெல்லு. நேத்தே அவிச்சிருக்கணும், அரமன ஆளு வந்து, முத்திர ஒடஞ்சு போச்சு, பழைய ஓல செல்லாதுன்னு அடுப்புல தண்ணிய ஊத்திட்டுப் போயிட்டான். இப்பவே தண்ணி நாத்தம் எடுக்குது. இன்னிக்குப் பொழுதுக்குள்ள அவிக்கலேன்னா மாடுகூட மோந்து பாக்காது."

"அப்படியே வெயில்ல காயப் போட்டா என்னக்கா?"

"உரல்ல போட்டா அத்தனையும் நொய்யாப் போயிடும். தை அறுப்பு வரைக்கும் இதுதான்டா எங்களுக்கு. ராஜாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன். நீ சொன்னா சிரிப்பாராமே?"

மாசிலாமணி வாசலுக்கு வந்து பார்த்தான். தெரு நெடுக ஒரு வீட்டிலும் புகையில்லை. பச்சைக் குழந்தைக்காரிகள்கூடப் பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அரண்மனைக்கு அவன் நடந்தான் என்றா சொல்வது, ஓடினான்.

சபையில் விஷயத்தைச் சொன்னதும் ராஜா புருவத்தைச் சுருக்கினார். பிரதானிக்கோ அவனைக் கண்டாலே ஆகாது. தான் மணிக்கணக்கில் ராஜ்ஜிய காரியம் பேசினால் கொட்டாவி விடுகிற ராஜா, இவன் மூக்கைச் சொறிந்தாலே சிரிக்கிறாரே என்ற எரிச்சல் அவருக்குப் பல வருஷமாக உண்டு.

"மகாராஜா, விகடகவி பெரிய புத்திசாலி என்று பெயர். முத்திரையும் இல்லாமல், சட்டத்தையும் மீறாமல், இன்று பொழுது சாய்வதற்குள் தன் தமக்கையின் அடுப்பை மூட்டிக் காட்டட்டும். இயலாவிட்டால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார்.

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். "ஆகட்டும்" என்றார்.

மாசிலாமணி கைகட்டி நின்றான். "மகாராஜா, நாளை ஆடி முதல் வெள்ளி. தாங்கள் அம்மன் கோயிலுக்கு எழுந்தருள்வீர்கள் அல்லவா?"

"வருஷா வருஷம் போகிறேனே."

"ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் கூழ் கொண்டுவந்து கோயில் கொப்பரையில் ஊற்றுவார்கள். எல்லார் கூழும் கலந்த பிறகு முதல் வாய் குடிப்பது யார்?"

"நாம்தான். நாம் குடிக்காமல் யாரும் குடிக்கக் கூடாதே, அது பரம்பரை வழக்கம்."

"கூழை இன்றைக்கே காய்ச்சி வைத்தால்தான் நாளைக்குப் புளிக்கும். மகாராஜா உண்ணும் உணவு வேகிற அடுப்புக்கு முத்திரை வேண்டாம் என்கிறது சட்டம். ஆகவே இந்த ஊரில் இன்றைக்கு முத்திரை வேண்டிய அடுப்பு ஒன்றுகூட இல்லை. கூழ் இறங்கிய பிறகு அதே தணலில் நெல் வெந்தால், அதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், சிம்மாசனமே ஆடிற்று. அப்போதே தண்டோரா போட ஆள் போயிற்று. உச்சி வேளைக்குள் தெருவெங்கும் புகை எழும்பியது. இன்றைக்கு விட்டால் ஆடி முழுக்க நெருப்பில்லை என்று பயந்திருந்த ஜனங்கள், வீட்டிலிருந்த நெல்லையெல்லாம் கிடைத்த நெருப்பில் அவித்துவிட்டார்கள். காத்தாயி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் அண்டாவைக் கிண்டினாள். வெந்த நெல்லைப் பாயில் கொட்டிப் பரப்பியபோது அந்த வாசனைக்கே மாசிலாமணிக்கு வயிறு நிறைந்துவிட்டது. பாவம், அவனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்!

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லையே.

வெள்ளிக்கிழமை ராஜா கொப்பரையில் முதல் வாய் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். பிரதானி குனிந்து வணங்கினார்.

"விகடகவியின் வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன் மகாராஜா. ஊர் அடுப்பெல்லாம் அரண்மனை அடுப்புதான். அரண்மனை அடுப்பில் வெந்த தானியம் அரண்மனைக் களஞ்சியத்தைச் சேர வேண்டும் என்பதும் சட்டம்தானே?"

ராஜாவுக்குப் புரை ஏறிவிட்டது. "அடடே! நீரும் விகடம் பழகிவிட்டீரே! சேரட்டும், சேரட்டும்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவ்வளவுதான். வண்டிகள் தயாராகவே நின்றிருந்தன.

மாசிலாமணி விழுந்தடித்துக்கொண்டு ராஜாவின் காலைப் பிடித்தான். "மகாராஜா, அது விளையாட்டு வாதம்! அடுப்பைக் காப்பாற்றச் சொன்னது! ஏழை ஜனங்களின் சாப்பாடு சாமி! என் அக்கா பெண்கள் தை வரைக்கும் எதைத் தின்னும்?" என்று ஓவென்று அழுதான். அவன் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே ராஜாவுக்கு அது எல்லாவற்றிலும் பெரிய விகடமாகப் பட்டது. "பாருங்கள், நிஜமாகவே அழுகிறான்! மூக்கைப் பாருங்கள்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ராஜா சிரித்தால் சபை சிரிக்க வேண்டாமா? சபையும் சிரித்தது.

சிரித்து ஓய்ந்ததும் ராஜா தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். "கெட்டிக்காரன் நீ! ஆவணி மட்டும் காத்திருப்பானேன், இந்தக் கணம் முதல் ஒரே நெருப்பு வாரியத்துக்கு நீதான் தலைவன். உன் வாய்ச் சொல்லே முத்திரை. பிரதானி, உமக்குக் களஞ்சியம், அவனுக்கு நெருப்பு!" என்றார். பிரதானிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பதவி போனதே என்று அவருக்கு வருத்தம். அன்றைக்கு விகடகவி பிரதானியை ஜெயித்தான் என்றுதான் அரண்மனையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மாசிலாமணி வீடு வந்தான். முற்றத்தில் பாய் மட்டும் கிடந்தது. சிந்திய மணிகளைக்கூடத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். தெருவில் கடன் கேட்கலாம் என்றால் எந்த வீட்டிலும் ஒரு பிடி இல்லை. பெண்கள் இரண்டும் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தன. காத்தாயி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஊரு நெருப்பு பூராவும் இனிமே உன் கையிலயாமே?" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்ப மூட்டட்டுமா?"

"மூட்டுக்கா" என்றான் மாசிலாமணி.

அவள் சுள்ளியை ஒடித்து வைத்து ஊதினாள். நன்றாகப் பற்றிக்கொண்டது. பானையில் தண்ணீர் ஊற்றி ஏற்றிவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"ஒல கொதிக்குது தம்பி" என்றாள் காத்தாயி. "என்னத்தடா போடறது?"