ஏழு பேரில் ஒருத்தர்

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அது இப்போது வராது. முதலில் நாச்சிமுத்து புலம்பி முடிக்க வேண்டும்.

"ஏனுங் குருவே, ஒருத்தன் பேசறப்ப மனசுல என்ன வெச்சுட்டுப் பேசறான்னு கண்டுபுடிக்கறது எப்படிங்க?"

கேட்டவருக்கு வயது ஐம்பத்து நாலு. பதினாறு தறி ஓட்டுகிறவர். குருவுக்கு இருபத்தொன்பது. பெயர் தமயந்தி. வாரத்தில் ஆறு நாள் முட்டி வலிக்காரர்களை நீட்டு, மடக்கு என்று படுத்துகிற பிசியோதெரபிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குரு.

ஈரோட்டில் ஒரு டயர் கடை மாடியில் கூடுகிற விளையாட்டுச் சங்கம் அது. மேசை மேல் ஏழு ராச்சியங்கள் வரைந்த வரைபடம். ஆளுக்கு ஒரு ராச்சியம். தாயக்கட்டை கிடையாது. அதிர்ஷ்டம் என்ற பேச்சே கிடையாது.

கால் மணி நேரம் இரண்டிரண்டு பேராக ஒதுங்கிப் பேரம் பேச வேண்டும். பிறகு அவரவர் படை எங்கே போகிறது என்று துண்டுத் தாளில் எழுதி டப்பாவில் போட வேண்டும். தமயந்தி எல்லாத் தாளையும் பிரித்து உரக்கப் படிப்பாள்.

பேசியதையேதான் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆட்டமே அங்கேதான் இருக்கிறது.

தமயந்தி ஆடுவதில்லை. ஏழு வருஷமாகத் தாள்களைப் படித்தே எல்லாரையும் படித்துவிட்டாள். அதனால்தான் குரு.

"யாரு என்னங்க பேசினாங்க?" என்று கேட்டாள்.

"எந் தம்பிதான். அப்பா போய் வருஷம் திரும்பிடுச்சு. தோப்பைப் பிரிக்கோணும். இன்னைக்கு ஆறு மணிக்கு வக்கீல் ஆபீசுக்கு வரான். போன்ல என்ன சொல்றான் தெரியுங்களா? 'நீயே பிரிச்சு வைண்ணா, நான் கையெழுத்துப் போடறேன்'ங்கறான்."

"நல்லதுதானுங்களே."

"என்ன அம்மிணி நல்லது! மூணு நாளாத் தூக்கமில்லை. அப்படிச் சொன்னா அதுக்கு என்னங்க அர்த்தம்? எதையோ ஒளிச்சு வெச்சிருக்கான். அவன் முந்தறதுக்குள்ள கிணத்துப் பக்கத்தை எம் பேருக்கு எழுதிடலாம்னு இருக்கேன். அவனுக்கு மேட்டுப் பக்கம். தண்ணி ஏறாது. அப்புறம் எம் மூஞ்சியில முழிக்க மாட்டான். முழிக்காட்டிப் போறான்!"

சொல்லிவிட்டு, தம்பி கூப்பிட்டிருக்கிறானா என்று போனை எடுத்துப் பார்த்தார்.

தமயந்தி ஒரு பென்சிலைச் சீவினாள். ஊதினாள். அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு ஆடற ஏழு பேர்ல ஒருத்தர்தாங்க பொய் சொல்லுவாங்க. யாருன்னு கண்டுபுடிங்க."

நாச்சிமுத்து திரும்பி, தன்னோடு ஆட வந்திருந்த ஆறு முகங்களையும் பார்த்தார்.

சிரிக்கும் இடம் இது இல்லை. பொறுங்கள்.

முதல் சுற்று. ஆடிட்டர் அந்தோணிசாமி அவரை மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனார். மனிதர் வாயைத் திறந்தால் நோட்டீஸ்தான் வரும்.

"மேற்படி வடக்குக் கடலுக்குள் எனது கப்பல் வராது. தங்கள் கப்பலும் வரக் கூடாது. சம்மதம்தானே?"

"சம்மதமுங்க."

அடுத்து பால்கனியில் பல் டாக்டர் ரெஹானா.

"அண்ணா, அப்படியே அசையாம இருங்க. என் படை உங்க எல்லையைத் தொடவே தொடாது. நீங்களும் தொடாதீங்க. துளிகூட வலிக்காது."

"நான் எதுக்கு அம்மிணி தொடறேன்!"

அப்புறம் டிரைவிங் ஸ்கூல் குப்புராஜ் தோளில் கை போட்டார்.

"மாப்ள, ரெண்டு பேரும் ஃபர்ஸ்ட் கியர்லயே போலாம். இண்டிகேட்டர் போடாம நான் திரும்பவே மாட்டேன்."

"நானும்தான் மாப்ள."

எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். பென்சில் தாளைத் தொட்டது. நின்றது.

ஒருத்தர் பொய். யார்? ஆடிட்டராக இருந்தால் கடல் போச்சு. டாக்டராக இருந்தால் எல்லை போச்சு. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் முந்திக்கொண்டார்.

தமயந்தி படித்தாள்.

"அந்தோணிசாமி: கப்பல் இருந்த இடத்திலேயே. ரெஹானா: படை இருந்த இடத்திலேயே. நாச்சிமுத்து: கப்பல் வடக்குக் கடலுக்கு. படை ரெஹானாவின் எல்லைக்குள்."

"ஓகோ," என்றார் ஆடிட்டர். அவ்வளவுதான்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு நிமிஷம் முகம் சுட்டது. அப்புறம் ஆறிவிட்டது. முதல் சுற்றிலேயே எவன் கழுத்தறுப்பான்? நம்ப வைத்துத்தானே அறுப்பான்?

இரண்டாம் சுற்றில் ரெஹானா மறுபடி பால்கனிக்குக் கூப்பிட்டாள்.

"பரவால்லைண்ணா. இந்தத் தடவை என் படை உங்க படைக்குத் துணைன்னே எழுதறேன்."

அப்படியே எழுதியிருந்தாள். தமயந்தி அதைப் படித்தபோது நாச்சிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. எல்லையைப் பிடுங்கினவனுக்கே ஒருத்தி துணை நிற்கிறாள் என்றால், எவ்வளவு ஆழமாகக் குழி வெட்டுகிறாள்!

அடுத்த சுற்றில் அவள் தலைநகரத்தைப் பிடித்துவிட்டார்.

ஆடிட்டர் தான் சொன்ன இடத்திலேயே நின்றார். அது ஆடிட்டரின் தந்திரம். குப்புராஜ் வலது பக்கம் திரும்புகிறேன் என்று சொல்லி வலது பக்கமே திரும்பினார். அது அதைவிடப் பெரிய தந்திரம். மூன்றாம் சுற்றிலிருந்து குப்புராஜ் கைக்குட்டையை வாயில் கடித்துக்கொண்டே இருந்தார். ரெஹானாவுக்கு அது சைகை என்று நாச்சிமுத்து குறித்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு வரைபடம் முழுக்க அவருடைய நீலக் காய்கள். வாழ்க்கையில் முதல் வெற்றி. ருசிக்க நேரமில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆட்டம் முடிந்தவுடன் இந்தச் சங்கத்தில் யாரும் எழுந்து போய்விட முடியாது. ஒவ்வொருவராக நின்று, இன்றைக்கு யாரிடம் என்ன பொய் சொன்னோம் என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லி, அந்த ஆளின் கையைக் குலுக்க வேண்டும். கோபம் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம்.

நாச்சிமுத்து நாற்காலி நுனிக்கு வந்தார். இப்போது மாட்டிக்கொள்வான் அந்த ஆள்.

அந்தோணிசாமி எழுந்தார். "என் தரப்பில் தெரிவிக்க ஏதுமில்லை."

ரெஹானா எழுந்தாள். "எனக்கும் சொத்தை ஒண்ணுமில்லை. எல்லாம் சுத்தமா இருக்கு."

குப்புராஜ் கைக்குட்டையை எடுத்தார். "நம்ம வண்டி நேர் ரோட்லதான் மாப்ள வந்துச்சு." உடனே கைக்குட்டையைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

மீதி மூன்று பேரும் எழுந்தார்கள். இல்லை. இல்லை. இல்லை.

"அதெப்படீங்க!" நாச்சிமுத்து மேசையைத் தட்டினார். காய்கள் குதித்தன. "ஒருத்தர் பொய்னு குருவே சொன்னாங்கல்ல? யாருய்யா அது? வழக்கத்தை மீறலாமா?"

விரலை நீட்டி எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.

ஏழாவது ஆளைத் தேடி விரல் மேசையை ஒரு சுற்றுச் சுற்றியது. எங்கும் நிற்க இடமில்லாமல், அவர் சட்டைப் பித்தானிலேயே வந்து நின்றது.

குப்புராஜின் கைக்குட்டை கீழே விழுந்தது.

மூன்று மணி நேரமாக அடக்கி வைத்த சிரிப்பு. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்ந்தார். ரெஹானா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கீழே டயர் கடைக்காரர் என்னமோ ஏதோவென்று படியேறி ஓடி வந்தார்.

நாச்சிமுத்துவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை.

எழுந்தார். வழக்கம் இருக்கிறதே.

"ஆடிட்டருங்க, கடலுக்கு வர மாட்டேன்னு சொன்னேன். வந்துட்டேன்." கையைக் குலுக்கினார்.

"மாப்ள, உங்கிட்டச் சொன்னது எதையும் நான் எழுதலை." குலுக்கினார்.

ரெஹானாவின் கையைப் பிடித்தவர் அப்படியே நின்றார்.

"நீ துணைன்னு எழுதினப்பக்கூட நான்... வலிச்சுதா அம்மிணி?"

"ஆட்டம்தானேண்ணா," என்றாள் அவள். சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

அவர் தமயந்தியிடம் திரும்பினார். "ஒருத்தர்தான்னு உங்களுக்கு முன்னாடியே எப்படிங்க தெரியும்?"

"அவங்க ஆறு பேர்கிட்ட, பேசினதை மாத்தாம எழுதுங்கன்னு சொன்னேன். உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை."

மணி ஐந்தரை. வக்கீல் ஆபீசுக்கு இருபது நிமிஷம் ஆகும். நாச்சிமுத்து செருப்பை மாட்டினார். இரண்டு படி இறங்கினார். நின்றார்.

"குருவே."

"சொல்லுங்."

"எந் தம்பி போன்ல சொன்னதுக்கு..."

"என்ன சொன்னாருங்க?"

"'நீயே பிரிச்சு வைண்ணா'ன்னான்."

"அதுக்கு என்னங்க அர்த்தம்?"

நாச்சிமுத்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீயே பிரிச்சு வைண்ணான்னுதான் அர்த்தமுங்க," என்றார்.