வராத ஒரு பூட்டு

பூட்டை உடைத்துத் திருடி ஜெயிலுக்குப் போன மாசானம் விடுதலையாகி ஊருக்கு வந்தான். தெருமுனையிலேயே மறித்துக்கொண்டார் ஊர்த்தலைவர் சங்கரபாண்டியன்.

"ஏலே, உன்னை நம்பி ஒரு வீட்டுக்காரனாவது சாவியைக் கொடுக்கட்டும். அப்புறம் தெருவுக்குள்ள கால வை."

தெருக்கோடியில் மாசானத்தின் வீட்டு ஓடு தெரிந்தது. அதற்கு மேல் அடுப்புப்புகை. அதையே பார்த்தபடி, "சரி அண்ணாச்சி" என்று பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தான்.

போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டான். "உங்க வீட்டுப் பூட்டு திருடனுக்குத் தாங்குமா? கொண்டாங்க, சும்மாவே பாத்துச் சொல்லுதேன்."

முதலில் வந்த பூட்டு ஒரு கம்பிக்கே வாயைப் பிளந்தது. ஊர் பதறிவிட்டது. ஆளாளுக்குப் பூட்டோடு ஓடி வந்தார்கள். தலைவரும் வந்தார். அவர் பூட்டும் பிளந்தது.

"திருடனுக்குத் திறக்காதபடி சரிபண்ணிக் குடுலே!"

"சாவியும் வேணுமே அண்ணாச்சி."

பதற்றத்தில் சாவியைக் கொடுத்துவிட்டார். மாசானம் அதை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான். "இப்போ தெருவுக்குள்ள வரலாமா?"

ஊரே சிரித்தது. தலைவர் வழிவிட்டார்.

எல்லாப் பூட்டையும் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் மாசானம் எழுந்தான். அவன் வீட்டுப் பூட்டு மட்டும் கடைசிவரை வரவேயில்லை. தயங்கித் தயங்கி வாசலுக்குப் போனான்.

"நம்ம வீட்டுப் பூட்ட ஏன் கொண்டாரல, பேச்சி?"

மனைவி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க போனதுலருந்து இந்தக் கதவ நான் பூட்டவே இல்ல. திரும்பி வரும்போது வெளிய நிக்கக்கூடாதுல்லா."