பதினோராவது ஆள்

"இன்னும் எதுக்கு டீச்சர் வீடு வீடா ஏறி இறங்கணும்?"

கேட்டவர் அருளப்பன். வயது நாற்பத்தெட்டு. டீச்சர் மங்கையர்க்கரசிக்கு முப்பத்தாறுதான். ஆனாலும் பொருட்களை வடிவமைக்கிற வித்தையை அவரிடம்தான் படித்துக்கொண்டிருந்தார் அருளப்பன். வித்தைக்கு வயசு ஏது?

மேஜைமேல் அருளப்பன் செய்த மாத்திரைப் பெட்டி இருந்தது. வேளை வந்தால் "மாத்திரை போட்டாச்சா?" என்று பேசும். பத்து முதியவர்கள் வீட்டில் மாதிரிக்குக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

டீச்சர் இன்று கையெழுத்துப் போட்டால் நாளை தொழிற்சாலையில் அச்சு வார்த்துவிடுவார்கள். அப்புறம் இருபதாயிரம் பெட்டி, இருபதாயிரம் நோயாளிகள். எதையும் மாற்ற முடியாது.

"நேர்ல போய்ப் பார்க்கச் சொன்னேனே?"

"போன்லயே கேட்டுட்டேன் டீச்சர். பத்து பேரும் நல்லா இருக்குன்னுட்டாங்க. அதை அப்படியே ஏஐகிட்ட கொடுத்தேன். அரை மணி நேரத்துல நாற்பது பக்க அறிக்கை! இதே மாதிரி முந்நூறு பேரைக் கற்பனை பண்ணி, அவங்க கருத்தையும் எழுதியிருக்கு."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"அவங்களும் நல்லா இருக்குங்கறாங்க."

டீச்சர் நாற்பது பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றார். கிண்டல் இல்லை.

எழுந்துபோய்க் காபி போட்டு வந்தார்.

ஒரு வாய் குடித்ததும் அருளப்பன் முகம் கோணியது. உடனே நேரானது.

"காபி எப்படி?"

"பிரமாதம் டீச்சர்."

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

"ஐயையோ, வேண்டாம். வீட்ல குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

டம்ளரை மெல்ல ஓரமாக நகர்த்தினார். நம்ம ஊர் மனுஷர், வேறென்ன செய்வார்?

டீச்சர் பேனாவைத் திறந்தார். அப்பாடா என்றிருந்தது அருளப்பனுக்கு.

ஆனால் டீச்சர் கையெழுத்துப் போடவில்லை. கடைசிப் பக்கத்தில் அந்தப் பத்துப் பேரின் பெயரும் பதிலும் இருந்தன. அதற்குக் கீழே ஒரு வரி எழுதி அவரிடம் நீட்டினார்.

'பதினொன்று. அருளப்பன். பிரமாதம் என்றார்.'

அருளப்பன் படித்தார். டம்ளரைப் பார்த்தார். முக்கால்வாசி அப்படியே இருந்தது, ஆடை கட்டிப்போய்.

"டீச்சர்... அதுல சர்க்கரை இல்ல. உப்பு."

"தெரியும். நான்தானே போட்டேன். ஏன் சொல்லல?"

"பாவம், ஆசையா போட்டுக் கொடுத்திருக்கீங்க, மனசு கஷ்டப்படுமேன்னு..."

பேச்சு பாதியில் நின்றது. தன் பெயருக்கு மேலே இருந்த பத்துப் பெயர்களையும் ஒருமுறை பார்த்தார்.

எழுந்து செருப்பை மாட்டினார்.

"அறிக்கையை விட்டுட்டுப் போறீங்களே?"

"இருக்கட்டும் டீச்சர். பத்து வீட்டுப் பெட்டியிலயும் எத்தனை மாத்திரை மீந்திருக்குன்னு எண்ணிட்டு வந்துடறேன்."